டிக்கெட் யார் கையில்?

2025 பொங்கல் விழாவன்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "டூர் கம்பெனி இல்லாமல், கூடப் பிள்ளைகளும் இல்லாமல், இந்த வயதில் இரண்டு பேர் மட்டும் எப்படி சார் ஜப்பான் போய் வந்தீர்கள்? எவ்வளவு செலவு? சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேள்வி மேல் கேள்வி. கையில் பொங்கல் தட்டோடு எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. மலர்க் குழுவினரும் எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

அன்று இரவு வீட்டுக்கு வந்தபின் என் மனைவி ஒன்று சொன்னாள். பெண்கள் பக்கத்தில் அவளிடம் யாரும் செலவைப் பற்றிக் கேட்கவில்லையாம். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "அங்கே போய்த் தொலைஞ்சு போயிட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

நான் எழுத நினைத்ததை மாற்றிக்கொண்டேன். செலவு, சாப்பாடு எல்லாம் சொல்கிறேன். ஆனால் முதலில் அந்தப் பெண்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் உண்மையிலேயே நான் அவளைத் தொலைத்தேன். தவறு முழுவதும் என்னுடையது.

என்னைப் பற்றி இரண்டு வரி. சிவில் டிப்ளமா முடித்து 1980-ல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2019-ல் ஓய்வு பெற்றவன். அந்த ஆண்டே பணிக்கொடைப் பணத்தில் ஒரு நிறுவனத்தின் மூலம் சிங்கப்பூர், மலேசியா போனோம். காலை ஐந்தரைக்கு எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, போட்டோ எடுத்து, மறுபடி ஏற்றினார்கள். மூட்டுவலி உள்ள என் மனைவி மூன்றாம் நாளே பஸ்ஸை விட்டு இறங்க மறுத்துவிட்டாள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பவர்கள் அப்படித்தான் செய்ய முடியும். முதல் முறை வெளிநாடு போகிறவர்களுக்கும், சக்கர நாற்காலி தேவைப்படுபவர்களுக்கும் அதுவே நல்லது. ஆனால் நாங்கள் அடுத்த முறை நம் வேகத்தில் போவது என்று முடிவு செய்தோம்.

இடையில் கொரோனா வந்தது. 2021-ல் எனக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். "இனிமே எங்கேயும் போக வேண்டாம்" என்றான் மகன். "இனிமேதான் போகணும்" என்றாள் அவன் அம்மா. 2024 நவம்பரில் பத்து நாள் பயணமாகப் புறப்பட்டோம்.

ஜப்பானைத் தேர்ந்தெடுத்தது நான். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 515 கி.மீ. தூரத்துக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது 1964 அக்டோபர் 1 அன்று. அப்போது எனக்கு ஐந்து வயது. வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் அதைப் பற்றிக் கேட்டதிலிருந்து ஒருமுறை ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. இன்று மணிக்கு 285 கி.மீ. வேகத்தில் ஓடும் அந்தப் பாதை பெரும்பாலும் நம் ஊர்ப் பாதை போலவே ஜல்லிக்கற்கள் மீதுதான் கிடக்கிறது. அதை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று பார்க்காமல் எனக்குக் கட்டை வேகாது.

டோக்கியோவில் நான்கு நாள் தங்கியபின் கியோட்டோவுக்குப் புறப்பட்டோம். நொசோமி என்னும் விரைவு வண்டியில் போனால் இரண்டேகால் மணி நேரம். நானோ ஒவ்வொரு நிலையத்தையும் பார்க்கும் ஆசையில், எல்லா நிலையங்களிலும் நிற்கும் கொடாமா வண்டியில் டிக்கெட் எடுத்தேன். பின்னால் வரும் வேக வண்டிகளுக்கு வழிவிட்டு நின்று நின்று போகும். நம் ஊர் பாசஞ்சர் வண்டியின் ஜப்பானிய உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டிக்குள் டீ, காபி விற்பதில்லை. ஒதவாரா நிலையத்தில் வண்டி லூப் லைனில் நான்கைந்து நிமிடம் நின்றது. நான் இறங்கி, ஒரு நொசோமி பறந்து போவதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, பிளாட்பாரத்தில் காசு போட்டால் பானம் தரும் இயந்திரத்தில் ஒரு பாட்டில் டீ வாங்கி வந்தேன். அது ஐஸ் போல் இருந்தது. விலைக்குக் கீழே நீலப் பட்டை இருந்தால் குளிர்ந்தது, சிவப்புப் பட்டை இருந்தால் சூடானது என்று அப்புறம்தான் புரிந்தது. "அடுத்த ஸ்டேஷன்ல சூடா வாங்கிட்டு வரேன்" என்றேன். "ஒண்ணும் வேண்டாம், உட்காருங்க" என்றாள்.

அடுத்த நிலையம் அதாமி. அங்கே லூப் லைனே கிடையாது, இரண்டே தண்டவாளங்கள். லூப் லைன் இல்லாத நிலையத்தில் வண்டியை நிறுத்தி வைத்து இன்னொரு வண்டிக்கு வழிவிட முடியாது. நின்ற உடனே எடுத்துவிடுவார்கள். முப்பத்தொன்பது வருடம் ரயில்வேயில் இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கால் பழக்கத்தில் இறங்கியது. விஜயவாடாவிலும் பல்லார்ஷாவிலும் தண்ணீர் பிடிக்க இறங்கிய அதே கால். சிவப்புப் பட்டைப் பொத்தானை அழுத்திக் குனிந்து பாட்டிலை எடுத்து நிமிர்ந்தேன். கதவு மூடிவிட்டது. ஜன்னல் வழியே அவள் முகம் நகர்ந்து போயிற்று.

அந்த நேரத்தில் அவளிடம் என்ன இருந்தது? இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் என் சட்டைக்குள் தொங்கிய பையில். இரண்டு டிக்கெட்டும் என் பர்ஸில். பணம் முழுவதும் என்னிடம். அவளுடைய போன் பெட்டிக்குள் அணைந்து கிடந்தது. "ஒரு சிம் போதும், எதற்கு இரண்டுக்குச் செலவு" என்று புறப்படும்போது கணக்குப் பார்த்தவன் நானே. பெட்டிகள் முதல் நாளே கூரியரில் கியோட்டோவுக்குப் போய்விட்டன. தங்கப்போகும் ஓட்டலின் பெயர்கூட அவளுக்கு நான் சொல்லவில்லை. மொழி தெரியாத நாட்டில், பேரும் ஊரும் சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் அவளை அனுப்பிவிட்டு, கையில் சூடான டீயோடு நிற்கிறேன்.

நெஞ்சு படபடத்தது. ஸ்டென்ட் ஞாபகம் வந்தது. ஒரு கணம் இன்னொன்றும் தோன்றியது: நான் இங்கேயே விழுந்துவிட்டால் அவளுக்கு யார் சொல்வார்கள்?

நிலைய ஊழியர் ஒருவர் ஓடி வந்தார். போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து "என் மனைவி வண்டியில்" என்று காட்டினேன். பெட்டி எண், இருக்கை எண், என்ன உடை என்று கேட்டார். பச்சைப் புடவை, சிவப்பு ஸ்வெட்டர் என்றேன். ஜப்பான் ரயிலில் பச்சைப் புடவையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அவர் தொலைபேசியில் பேசிவிட்டு, "அடுத்த வண்டியில் மிஷிமா போங்கள், அங்கே இருப்பார்" என்று எழுதிக் காட்டினார். அடுத்த கொடாமாவுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான அரை மணியை நான் பார்த்ததில்லை.

மிஷிமா பிளாட்பாரத்தில், இரண்டு கைப்பைகளையும் மடியில் அணைத்தபடி ஒரு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நிலைய ஊழியர் ஒருவர் காவல். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. வண்டியின் கண்டக்டர் அவளைத் தேடி வந்து "மிஷிமாவில் இறங்கவும்" என்று ஆங்கிலத்தில் காட்டியபோது, அவள் ஏற்கெனவே பைகளை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தாளாம்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"நீங்கதானே சொன்னீங்க. எண்பத்தஞ்சுல, கல்யாணம் ஆன புதுசுல, ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல முதல் தடவை கூட்டிட்டு வந்தப்ப. தண்ணி பிடிக்க இறங்கறேன், நான் ஏறலேன்னா பயப்படாதே, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நின்ன இடத்துலயே நில்லு, நான் வந்துடுவேன்னு."

எனக்கு அது நினைவே இல்லை. அவள் முப்பத்தொன்பது வருடம் நினைவில் வைத்திருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "பாஸ்போர்ட் உங்ககிட்ட, டிக்கெட் உங்ககிட்ட, பணம் உங்ககிட்ட, போன் உங்ககிட்ட. என்கிட்ட இருந்தது அந்தப் பழைய வார்த்தையும் ரெண்டு டப்பா புளிச்சாதமும்தான்."

இதில் நான் அப்புறம் தெரிந்துகொண்ட இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, 1995 டிசம்பரில் இதே மிஷிமா நிலையத்தில், போன் பேசுவதற்காக வண்டியை விட்டு இறங்கிய ஒரு மாணவர் மீண்டும் ஏற ஓடியபோது, கதவில் விரல் சிக்கி இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். நானும் அதாமியில் கதவை நோக்கி ஓடத்தான் பார்த்தேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. போன வண்டி போகட்டும். அடுத்தது வரும். இரண்டு, ஜப்பானில் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் தம் பாஸ்போர்ட்டைத் தம்மிடமே எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். என் மனைவியின் பாஸ்போர்ட்டை "பத்திரமாக" நான் வைத்திருந்தது சட்டப்படியே தவறு.

அன்று மாலையே கியோட்டோவில் முறையை மாற்றினோம். அவளுக்கும் ஒரு சிம் வாங்கினோம். அவரவர் பாஸ்போர்ட், அவரவர் பணம் 20,000 யென், அவரவர் ரயில் அட்டை, ஜப்பானிய எழுத்தில் ஓட்டல் பெயர் அச்சிட்ட சீட்டு, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், இரத்த வகை, மகனின் எண் எல்லாம் ஆளுக்கு ஒரு பையில். பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பேசி வைத்துக்கொண்டோம். வண்டியில் போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும்; பின்தங்கியவர்தான் தேடிப் போக வேண்டும். இரண்டு பேரும் தேடக் கிளம்பினால் நாள் முழுவதும் ஒருவரை ஒருவர் தாண்டிக்கொண்டே இருப்பார்கள்.

மறுநாள் நாரா போக வேண்டும். "இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை. விரைவு வண்டிக்குப் பதிலாக, எல்லா இடத்திலும் நிற்கும் வண்டியில் ஏறிவிட்டாள். எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. அது இனாரி என்ற சிறு நிலையத்தில் நின்றது. விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. வெளியே பார்த்தால் ஃபுஷிமி இனாரி கோவிலின் சிவப்பு வாயில்! வேறொரு நாள் போவதாக இருந்த இடம். இறங்கி, மலைப்பாதையில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும் சிவப்புத் தோரண வாயில்களின் கீழே அரை மணி நடந்துவிட்டு, மறுபடி வண்டி ஏறி நாரா போய், தோதாய்ஜி கோவிலில் சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தரையும் தரிசித்தோம். வழி தவறினால் என்ன ஆகும் என்ற பயம் அவளுக்கு அன்றோடு போயிற்று. எனக்கும்தான்.

இனி, ஆண்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

செலவு: விமானம், விசா, காப்பீடு, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் கூடுதல். எல்லோரும் ரயில் பாஸ் வாங்கச் சொல்வார்கள். முதலில் கணக்குப் போடுங்கள். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென்தான். டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து திரும்பும்படி விமான டிக்கெட் எடுத்தால், வந்த வழியே திரும்பும் செலவும் மிச்சம்.

சாப்பாடு: காய்கறி மட்டும் போட்டது என்று நினைக்கும் சூப்பிலும் நூடுல்ஸிலும் மீனில் காய்ச்சிய சாறு இருக்கும். அதற்கு 'தாஷி' என்று பெயர். சைவர்கள் இதை எழுதி வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரக் கடைகளில் வெந்த வெறும் சோறு பாக்கெட்டில் கிடைக்கிறது. கடையிலேயே சூடு செய்துகொள்ளலாம். இனிப்பில்லாத தயிரும் கிடைக்கிறது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டு போனால் இரண்டு வேளை கவலையில்லை. பச்சைக் கறிவேப்பிலை, பழம் வேண்டாம். விமான நிலையத்தில் பிரச்சினை.

மின்சாரம்: அங்கே 100 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக். நம் ஊர் கெட்டிலை எடுத்துப் போகாதீர்கள். வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் சூடு. 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் கெட்டில் அங்கே 190 வாட்தான் தரும். தண்ணீர் கொதிப்பதற்குள் பசி போய்விடும். போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் ஏற்றவை. அதன்மேல் 100–240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூட்டை: பெரிய பெட்டியை ஓட்டலிலிருந்தே அடுத்த ஊர் ஓட்டலுக்கு அனுப்பும் கூரியர் வசதி உண்டு. பெட்டிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் யென் ஆயிற்று; மறுநாள் போய்ச் சேர்ந்தது. ஒரு நாளுக்கு வேண்டிய துணியும் மருந்தும் கையில் இருக்கட்டும். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் உள்ள பெட்டியை இந்த ஷின்கான்சென் வண்டியில் கொண்டுபோக, அதற்கான இடத்தோடு முன்பதிவு செய்ய வேண்டும்.

தங்கல்: அறை எடுக்கும்போது இரண்டு தனிக் கட்டில் என்று கேளுங்கள். இருவர் அறை என்று கொடுப்பது சில இடங்களில் 120 செ.மீ. அகலக் கட்டில்.

மருந்து, காப்பீடு: மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து ஒரு மாத அளவுக்குள் என்றால் கொண்டு போகலாம். ஆனால் சில சளி, இருமல் மருந்துகளுக்கு அங்கே தடையோ கட்டுப்பாடோ உண்டு; முன்கூட்டியே விசாரியுங்கள். சீட்டை உடன் வைத்திருங்கள். காப்பீட்டில் சர்க்கரை, இருதயம் எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும். மறைத்தால் தேவைப்படும்போது ஒன்றும் கிடைக்காது. அவசரத்துக்குப் போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119.

பணம்: கடையில் அட்டை தேய்க்கும்போது ரூபாயா யென்னா என்று கேட்டால் யென் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாக எடுத்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. ஜப்பானிய ரயில்வே ஊழியர்கள் சிக்னல், கதவு, கடிகாரம் என ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள். நம் ஊரிலும் எஞ்சின் ஓட்டுநரும் உதவியாளரும் சிக்னலை உரக்கச் சொல்லிக்கொள்வது உண்டு. கண்ணும் கையும் வாயும் சேர்ந்தால் தவறு குறையும். அதைப் பார்த்த நாளிலிருந்து அறையை விட்டுக் கிளம்பும்போது நாங்களும் அப்படியே செய்தோம். "பாஸ்போர்ட்? இருக்கு. போன்? இருக்கு. மருந்து? இருக்கு." இருவரும் தனித்தனியே சொல்ல வேண்டும், ஒருவருக்காக மற்றவர் சொல்லக் கூடாது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் ஜப்பான் மட்டும் இல்லை. நம் காலனியில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் திடீரென மறைந்தார். நல்ல மனிதர், வீட்டம்மாவை எதற்கும் அலைய விட்டதில்லை என்பதில் பெருமை உள்ளவர். காரியங்கள் முடிந்தபின் அந்த அம்மாள் என் மனைவியிடம் கேட்ட முதல் உதவி, ஏ.டி.எம்.மில் பணம் எடுத்துத் தரச் சொல்லி. இரண்டாவது, திருச்சிக்கு டிக்கெட் எடுத்துத் தரச் சொல்லி. இந்த ஊரில் முப்பது வருடம் வாழ்ந்தவர் அவர்.

நம் தலைமுறை ஆண்கள் மனைவியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக நினைத்து எல்லாவற்றையும் நம் பையில் வைத்துக்கொண்டோம். பிறந்த ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து, அக்கம்பக்கத்தில் உறவு இல்லாமல் வாழும் நமக்கு அது பத்திரமே இல்லை. நாமும் ஒருநாள் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்கிவிடுவோம். வண்டியில் இருப்பவருக்கு அப்புறம் வழி தெரிய வேண்டாமா? இதைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டுப் பயணம் நல்ல பள்ளிக்கூடம். அங்கே இரண்டு பேரும் புதியவர்கள். யாரும் யாருக்கும் வாத்தியார் இல்லை.

ஜப்பானுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. இலங்கைக்குப் போங்கள், வியட்நாமுக்குப் போங்கள். முடியாவிட்டால் அடுத்த விடுமுறைக்கு நம் ஊருக்குப் போகும்போதாவது டிக்கெட் எடுப்பதிலிருந்து ஆட்டோ பேசுவது வரை எல்லாவற்றையும் உங்கள் வீட்டம்மாவிடம் ஒப்படைத்துப் பாருங்கள். தவறினால் வாய் திறக்காதீர்கள். அதுதான் கஷ்டம், நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

போன மே மாதம் கும்பகோணத்தில் அவள் அண்ணன் மகள் கல்யாணம். எனக்குக் காய்ச்சல். அவளே டிக்கெட் எடுத்து, தனியாகப் போய், கல்யாணம் முடித்துத் திரும்பி வந்தாள். ஸ்டேஷனுக்கு அழைக்கப் போயிருந்தேன். வண்டியிலிருந்து இறங்கியதும் என்னிடம் கேட்டது: "பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தீங்களா?"

அவசரத்தில் நான் எடுக்கவில்லை.